கை கொடுக்கச் சொன்ன கதை

என் மனைவி ஜோஹராவைப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் என்னிடம் பேசியாக வேண்டும். அவள் எழுதிய சிறுவர் புத்தகங்களின் பின்னட்டையில் என்னுடைய போன் நம்பர்தான் இருக்கிறது. அவள் நம்பரைப் போட்டால் யார் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்று சொல்லிவிடுவாள். நான் நாலு கேள்வி கேட்பேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், யாராவது வீடியோ எடுத்துப் போடுவார்களா, போட்டால் அதற்குக் கீழே கண்டதையும் எழுதி வைப்பார்களா. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மறைத்து என்ன ஆகப் போகிறது? பெரிய காஞ்சிபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஷரீஃப் பாய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அது பிடுங்கித்தான் இருக்கிறதா என்று மறுபடியும் பார்ப்பார் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

ஜோஹரா எனக்கு நேர் எதிர். அவளுடைய அப்பா காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் வளையல் கடை வைத்திருந்தார். கண்ணாடி வளையலை அழுத்தி ஏற்றும்போது சின்னப் பிள்ளைகள் பயந்து கையை இழுத்துக்கொள்ளும், வளையல் உடையும், பிள்ளை அலறும், வந்த கும்பல் அடுத்த கடைக்குப் போய்விடும். இவள் பத்து வயதிலேயே அந்தப் பிள்ளைகளின் எதிரில் உட்கார்ந்து எதையாவது அளந்துவிட ஆரம்பித்தாள். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு இவள் முகத்தையே பார்க்கும். அப்பா வளையலை ஏற்றி முடித்துவிடுவார். அந்த வாய்தான் பிற்பாடு புத்தகமானது. கல்யாணமாகி வந்தபோது இந்தச் சங்கதி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே பயந்திருப்பேன்.

அவள் வேலை செய்கிற விதம் இதுதான். மேடையில் ஏற மாட்டாள். மைக் வேண்டாம் என்பாள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, உங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்பாள். ஒரு பிள்ளை இருட்டு என்னும், ஒன்று கணக்கு டீச்சர் என்னும். அவர்கள் சொன்ன பயத்தை வைத்தே அங்கேயே ஒரு கதையைக் கட்டுவாள். முடிக்கும்போது அந்தப் பயம் சிரிப்பாகியிருக்கும். முன்கூட்டியே எதுவும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டாள். ஒரு தடவை ஆசிரியர்கள் மாநாட்டில் அதிகாரிகளையும் வைத்துக்கொண்டு இப்படித்தான் தரையில் உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்படியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

அந்த மாநாட்டுக்கு வந்திருந்தவள்தான் பிரவீனா டீச்சர். தென்னேரி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தொடக்கப் பள்ளி, இவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை சார், மேடம் ஒரு தடவை வந்தால் போதும் என்று விடாமல் போன் செய்தாள். நானும் என் நாலு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். சரி என்று ஒரு ஆடிச் செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். ஜோஹராவுக்குப் பொன்னாடை போர்த்தினார், எனக்கும் ஒன்று போர்த்த வந்தார். நான் வேண்டாம் என்று கும்பிட்டேன். அவள் பேசும்போது எனக்கு அங்கே உட்கார முடியாது. என்ன சொல்லி வைப்பாளோ, யார் மனது புண்படுமோ என்று வாசலையே பார்ப்பேன். அதனால், அந்த மாநாட்டுக்கு அப்புறம் பழக்கமாகிவிட்டபடி, அவள் ஆரம்பிக்கும் முன்பே வெளியே நழுவினேன்.

நிழல் தேடிப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போனேன். அங்கே பெண் பிள்ளைகளின் கக்கூஸ். அதன் பின்சுவர் பாதி இடிந்து கிடந்தது. இடிந்த இடத்தில் ஒரு புற்று. என் இடுப்பு உயரம் இருக்கும். மஞ்சளும் குங்குமமும் அப்பி, மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். புற்றின் ஒரு கால் சுவரைத் தாண்டிக் கக்கூஸுக்குள்ளேயே போயிருந்தது. சத்துணவு சமைக்கிற அம்மா ஒரு டம்ளர் பாலும் முட்டையும் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியநாயகி என்று பெயர். அவர் மகளும் இங்கேதான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாளாம்.

நாங்கள் பாய் வீட்டு ஆட்கள். வந்த இடத்தில் அடுத்தவர் சாமியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கால் கூசியது. உள்ளே இருக்குதாம்மா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்குது பாய். போன வாரம்கூட படம் எடுத்துக்கினு நின்னுது," என்றார் பெரியநாயகி, சர்வ சாதாரணமாக. "ஒண்ணும் பண்ணாது. அது எங்க ஆத்தா."

அதற்கப்புறம் நான் அங்கே நிற்பேனா? வாசலுக்கு வந்து ஸ்கூட்டரின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தவன்தான், ஜோஹரா வருகிற வரைக்கும் இறங்கவில்லை. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து எதையோ சொல்கிற சத்தம். என்ன சொன்னார்கள் என்று காதில் விழவில்லை. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடித்துக் கிளம்பினோம். வாலாஜாபாத் வந்ததும் டீ குடிக்க நிறுத்தினேன். ஜோஹராவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பேசினாள். வழக்கம் போல எதற்குப் பயம் என்று கேட்டாளாம். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பையன் கக்கூஸ் என்று கத்த, டீச்சர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஆனால் பெண் பிள்ளைகள் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று இவள் கேட்டதும் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. முன் வரிசையில் ரெட்டைச் சடை போட்ட தீபிகா என்கிற பிள்ளை மட்டும் எழுந்து, அங்க ஒண்ணு இருக்குது மிஸ், அதோட பேரைச் சொல்லக் கூடாது, சொன்னா வந்துடும்னு எங்கம்மா சொல்லியிருக்குது என்றதாம்.

"நம்ம தெருவுல ஜின் பேரைச் சொல்ல மாட்டாங்களே, அதே மாதிரிங்க," என்று சிரித்தாள் ஜோஹரா. "இங்க ஏதோ பேய் போலிருக்குது."

அவள் பிறந்து வளர்ந்த தெருவில் பெயர் சொல்லக் கூடாதது என்றால் அது ஒன்றுதான். இருட்டின பிறகு யாராவது வாய் தவறி ஜின் என்று சொல்லிவிட்டால் அவள் அம்மா பிஸ்மில்லா சொல்லி வாயைத் துடைத்துவிடுவார். எனவே அவள் சந்தேகமே படாமல் ஒரு பேய்க்கதையைக் கட்டியிருக்கிறாள். கக்கூஸில் ஒரு பேய். பாவம், அதோடு பேச ஆளே கிடையாது. எல்லோரும் அதைக் கண்டு ஓடுகிறார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் ஓடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டி, என் பேரு இன்னது, உன் பேரு என்ன என்று கேட்கிறாள். பேய் கை கொடுக்கிறது. இரண்டும் சிநேகிதமாகிவிடுகின்றன. அன்றிலிருந்து அந்தப் பேய்தான் கக்கூஸுக்குக் காவல்.

பிள்ளைகள் எல்லோரையும் வலது கையை நீட்டச் சொல்லி, பெயர் சொல்லிப் பழக்கிவிட்டும் வந்திருக்கிறாள். நான் வாசலில் கேட்ட சத்தம் அதுதான். தீபிகாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லையாம். நிஜமாவே கை குடுத்தா ஒண்ணும் பண்ணாதா மிஸ் என்று கேட்டிருக்கிறது. ஒண்ணும் பண்ணாது கண்ணு, பயப்படாத, அது உன் சிநேகிதம் என்று இவள் அதன் கன்னத்தைத் தட்டியிருக்கிறாள். இன்னிக்கே குடுக்கறேன் மிஸ் என்று அது சொன்னதாம்.

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என்னங்க, என்ன ஆச்சு என்றாள் ஜோஹரா. நான் சொன்னேன். கக்கூஸ் சுவர் இடிந்திருப்பதை, புற்றை, பாலை, அந்த அம்மா சொன்னதை. சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ரத்தம் சுண்டியது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"அதுங்க பயந்தது பாம்புக்கு," என்றாள்.

பிரவீனா டீச்சருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வகுப்பு நேரத்தில் டீச்சர்களின் போனெல்லாம் ஹெட்மாஸ்டர் அறை பீரோவில் இருக்கும் என்று காலையில் அவளே பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஹெட்மாஸ்டருக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டேன். ஜோஹரா அதற்குள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாயங்கால இன்டர்வெல்லுக்கு முன்னால போயிடணும், பசங்க அப்பதான் போவாங்க என்றாள்.

நான் ஸ்கூட்டரை வேகமாக ஓட்டுகிறவன் இல்லை. சைக்கிள்காரர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். அன்றைக்கு எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. எதிரில் வந்த லாரிக்காரன் என்னைத் திட்டியது மட்டும் காதில் விழுந்தது. பின்னால் ஜோஹராவின் நகம் என் தோளில் இறங்கிக்கொண்டே இருந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று முணுமுணுத்தாள். நடுவில் ஒரு தடவை, நான் எல்லாப் பிள்ளைங்களையும் கை நீட்டச் சொன்னேங்க என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எத்தனை கைகள் என்று நினைத்துப் பார்த்தேன், எனக்கு ஹேண்டில் ஆடிவிட்டது. ஏரிக் கரையில் ஏறும்போது மாடுகள் குறுக்கே வந்தன. ஹாரனை அழுத்திக்கொண்டு நான் அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அழுதேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் நுழையும்போதே மணி அடித்துவிட்டிருந்தது. பையன்கள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைகள் ஒன்றையும் காணோம். ஜோஹரா செருப்பை உதறிவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

கக்கூஸின் மூலையில் பெண் பிள்ளைகள் கும்பலாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் ஒரு குட்டிப் பெண் சந்தோஷமாகச் சொன்னது.

"தீபிகா கை குடுக்கப் போயிருக்குது மிஸ். அடுத்து நான்."

ஜோஹரா அந்தப் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு மூலையைத் திரும்பினாள். நான் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன்.

புற்றின் அடியில், பால் வைத்த டம்ளருக்குப் பக்கத்தில், அது இருந்தது. தலையைத் தூக்கிப் படத்தைப் பாதி விரித்திருந்தது. கோதுமை நிறம். அதன் எதிரில் தீபிகா குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரிய ஆள் கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். பிள்ளையின் வலது கை நேராக முன்னால் நீண்டிருந்தது. என் பேரு தீபிகா, மூணாங்கிளாஸ் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கத்தினால் பிள்ளை திடுக்கிட்டுத் துள்ளும், துள்ளினால் அது கொத்தும் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஜோஹராவுக்கு அப்போதே உறைத்திருக்கிறது. அவள் அசையாமல் நின்றாள். பிறகு பேசினாள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது வருமே, அதே குரல். அந்தக் குரல் எவ்வளவு நடுங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தீபிகா கண்ணு, கதையில ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மொதல்ல கையை மடியில வெச்சிக்கோ."

பிள்ளை திரும்பாமலே கையை மடக்கியது.

"அதுக்கு வெக்கம் ஜாஸ்தி. அதைப் பாத்துக்கினே, உக்காந்த மாதிரியே, மெதுவா பின்னாலயே வரணும். எழுந்திரிக்கக் கூடாது. திரும்பக் கூடாது."

தீபிகா குந்தியபடியே பின்னால் நகர ஆரம்பித்தாள். பாவாடை தரையில் இழுபட்டது. பிள்ளை அசைகிறபோதெல்லாம் பாம்பின் தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. சீறுகிற சத்தம் கேட்டது. குக்கர் ஆவி விடுகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம். இன்றைக்கும் வீட்டில் குக்கர் வைத்தால் நான் வெளியே போய்விடுகிறேன். ஜோஹரா விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அப்படித்தான் கண்ணு, இன்னும் கொஞ்சம், எங்க சமத்து, இன்னும் கொஞ்சம். பிள்ளையின் முதுகு இவள் காலில் முட்டியதும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். என் மேல்தான் வந்து மோதினாள். மூன்று பேரும் விழுந்தோம். நான் எழுந்து பார்த்தபோது டம்ளர் மட்டும்தான் கவிழ்ந்து கிடந்தது. பாம்பு புற்றுக்குள் போய்விட்டிருந்தது.

அதற்குள் பிரவீனா டீச்சரும் ஹெட்மாஸ்டரும் ஓடி வந்துவிட்டார்கள். நான் புற்றை விரல் நீட்டிக் காட்டினேன். ஹெட்மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. பெண் பிள்ளைகளை முன்பக்கம் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். தன் வண்டிச் சங்கிலியைக் கொண்டுவந்து கக்கூஸ் கதவில் போட்டுப் பூட்டினார். இனி பெண் பிள்ளைகளுக்கு டீச்சர்கள் கக்கூஸ்தான், இந்தப் பக்கம் ஒரு ஈ காக்காய் வரக் கூடாது என்று யாரிடமோ கத்தினார்.

தீபிகா மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஜோஹராவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் வேறு.

"அதுக்குக் கையே இல்லியே மிஸ்," என்றாள். "கதையில கை குடுத்துச்சே. நான் ரொம்ப நேரம் நீட்டிக்கினே இருந்தேன். சரி, தலையையாவது தொடலாம்னு இருந்தேன், நீங்க வந்துட்டீங்க."

ஜோஹரா பிள்ளையின் இரண்டு கையையும் எடுத்து, விரல் விரலாகப் பார்த்தாள். ஏதாவது ஒரு சின்னக் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் சொன்னது பொய்யி, கண்ணு. மிஸ் தெரியாம சொல்லிட்டேன். அது பேயும் இல்ல, சிநேகிதமும் இல்ல. அது கடிச்சா செத்துப் போயிடுவோம். நீ மொதல்ல பயந்தியே, அதுதான் சரி."

தீபிகா அவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் புற்றைப் பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். எனக்கு அந்த முகம் மறக்காது. கீழ் உதடு துடித்தது, தோள் குலுங்கியது, பாவாடை நனைந்தது. பிறகு ஒரு அழுகை கிளம்பியது பாருங்கள், அந்த ஊரே கேட்டிருக்கும்.

அழுகையைக் கேட்டுச் சமையல்கட்டிலிருந்து பெரியநாயகி ஓடி வந்தார். முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மகளை வாரி எடுத்தார். யார் என்ன செய்தார்கள் என்று எங்களை முறைத்தார். பிரவீனா டீச்சர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் கண் புற்றுக்குப் போனது, கவிழ்ந்து கிடந்த டம்ளருக்குப் போனது. காலையில் என்னிடம் பேசியபோது இருந்த முகம் இப்போது இல்லை. இருந்தாலும் பழக்கம் விடுமா? பிள்ளையின் முதுகைத் தட்டி, ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் பண்ணாதுடி, பயப்படாத, பயப்படாத என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜோஹரா தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பெரியநாயகியின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"பயப்படட்டும்மா," என்றாள். "விடு. அது நல்லா பயப்படட்டும்."